பங்கில் நம் பங்கு

“நீங்கள் எந்தப் பங்கு?”

கல்யாண வீட்டிலோ பேருந்து நிலையத்திலோ இரு கத்தோலிக்கர் சந்தித்தால் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி இதுவே. இச்சொல்லை நாம் ஆயிரம் முறை கேட்டிருந்தும் ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. பங்கு என்றால் ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள இறைமக்களின் சமூகம். அதே சொல்லுக்குப் பாகம் என்றும் உரிமை என்றும் பொருள் உண்டு. சொத்தில் பங்கு, உழைப்பில் பங்கு, பந்தியில் பங்கு என்றெல்லாம் சொல்கிறோம். அப்படியானால் பங்கு மக்களுக்குப் பங்கில் உள்ள பங்கு யாது? இவ்வாண்டு எங்கள் பத்தாம் வகுப்பு மறைக்கல்வியில் நாங்கள் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவாகும்.

பாடம் தொடங்கிய அன்று சிஸ்டர் எங்களிடம், “திருச்சபை என்றால் யார்?” என்று கேட்டார்கள். திருத்தந்தை என்றோம். ஆயர்கள், குருக்கள், கன்னியர் என்று வரிசையாக அடுக்கினோம். “அப்புறம்?” என்றார்கள். வகுப்பில் சத்தமே இல்லை. “உங்கள் அம்மா?” என்று அவர்கள் கேட்டதும் நாங்கள் அனைவரும் கொல்லென்று சிரித்துவிட்டோம். அவர்கள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்காக நாங்கள் பிற்பாடு வெட்கப்பட்டோம் என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 அக்டோபர் 11 முதல் 1965 டிசம்பர் 8 வரை நடைபெற்றது. இருபத்து மூன்றாம் அருளப்பர் அதனைத் தொடங்கி வைத்தார். ஆறாம் பவுல் நிறைவு செய்தார். அச்சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கை விளக்கத்தில் ஒரு செய்தி எங்களுக்கு மிகவும் வியப்பளித்தது. முந்தைய வரைவில் ஆயர்களும் குருக்களும் அடங்கிய ஆட்சியமைப்பு முன்னதாகவும், இறைமக்கள் அதற்குப் பின்னதாகவும் வைக்கப்பட்டிருந்தனர். சங்கத் தந்தையர் அவ்வரிசையை மாற்றினார்கள். இறுதி ஏட்டில் இரண்டாம் அதிகாரம் இறைமக்கள்; மூன்றாவதுதான் ஆட்சியமைப்பு. அதிகாரங்களை முன்பின்னாக மாற்றுவதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. திருத்தந்தையும் முதலில் திருமுழுக்குப் பெற்ற ஒருவர். அதன் பின்னரே திருத்தந்தை. திருமுழுக்கால் வரும் மாண்பில் அவருக்கும் நம் தெருவில் மீன் விற்கும் அக்காவுக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. பணிகள்தாம் வேறுபடுகின்றன.

இது புதிய கொள்கையும் அன்று. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். எருசலேமில் நாள்தோறும் உணவு பகிரும்போது கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? “வாயை மூடுங்கள்” என்று அதட்டவில்லை. தாங்களே ஏழு பேரை நியமித்துவிடவும் இல்லை. சீடர்கள் அனைவரையும் கூட்டி, நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களையும் சிஸ்டர் கரும்பலகையில் எழுதி, இப்பெயர்களில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரியவில்லை. ஏழுமே கிரேக்கப் பெயர்களாம்! யார் புறக்கணிக்கப்பட்டார்களோ அவர்கள் தரப்பிலிருந்தே பந்தியைக் கவனிக்க ஆட்களைத் தேர்ந்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பேரவைகளில் இப்படி நடந்ததுண்டா என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். அக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

நம் தமிழ் மண்ணிலும் குருக்கள் அல்லாதோர் தோளில் திருச்சபை நின்ற காலங்கள் பல. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஊரார் சிலரின் உதவியால் செபங்களைத் தமிழாக்கி, மனனம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். ஓர் ஊரில் தங்கிவிட அவரால் இயலாதே! ஆகவே ஒவ்வோர் ஊரிலும் செபம் சொல்லிக் கொடுக்கவும், ஆபத்தில் உள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் ‘கணக்கப்பிள்ளை’ என்ற பொறுப்பாளரை வைத்துவிட்டுப் போனார். இவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? முத்துக்குளித்துறை வரியிலிருந்து போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 4,000 பணத்திலிருந்து! அரசியார் அதனை விட்டுக்கொடுத்தார். நம் முன்னோர் மறைக்கல்வி கற்றது ஓர் அரசியின் செருப்புக் காசில் என்பதைப் படித்தபோது எங்களுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. இம்முறை சிஸ்டரும் சிரித்தார்கள்.

1773இல் இயேசு சபை தடைசெய்யப்பட்டது. 1838இல் புதிய மதுரை மிஷன் தொடங்கும் வரையிலான காலத்தில் எத்தனையோ சிற்றூர்களுக்குக் குருவானவர் வருவதே அபூர்வமாயிற்று. பூசையில்லாத ஞாயிறுகளில் உபதேசியார் செபமாலை சொல்ல, ஊரார் மறுமொழி கூறினர். வீட்டில் பாட்டி சொல்லிக் கொடுத்த மந்திரங்களே பேரனுக்கு மறைக்கல்வி. அந்தப் பாட்டிமார் யாருடைய பெயரும் எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

பெயர் நிலைத்தவர் ஒருவர் உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் சிறைப்பட்ட டிலனாய் என்ற டச்சுத் தளபதி அவருக்குக் கிறிஸ்துவை அறிமுகம் செய்தார். 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குருவுமல்லர், துறவியுமல்லர். மனைவியோடு வாழ்ந்த குடும்பத்தலைவர். 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே. எல்லாச் சாதியாரையும் சமமாகப் பாவித்தார் என்பதும் அவர்மீது மூண்ட பகைக்கு ஒரு காரணம்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட கோவிலில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே பீடம், ஆனால் மக்கள் நிற்கும் இடம் கால்சட்டையின் இரு கால்களைப் போல் இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறுபக்கம், இடையே சுவர். 1910இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தார். அதற்காக நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. கல்லால் ஆன சுவர் போயிற்று. கல்லறைத் தோட்டங்களிலும் தேர் செல்லும் தெருக்களிலும் சுவர் இன்னும் தெரிகிற ஊர்கள் இருக்கின்றன. இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களுக்கான கொள்கை ஏட்டை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அழகாக எழுதுவதற்காக இவ்விஷயத்தை விட்டுவிட எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

பேரவையும் பணப்பெட்டியும்

இனி இன்றைய பங்கிற்கு வருவோம். 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில் எண் 536 பங்குப் பேரவையைப் பற்றியும், எண் 537 நிதிக்குழுவைப் பற்றியும் கூறுகின்றன. இவ்விரண்டுக்கும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. பேரவை அமைக்கப்பட வேண்டுமா என்பதை மறைமாவட்ட ஆயர் முடிவு செய்வார். நிதிக்குழுவோ ஒவ்வொரு பங்கிலும் இருந்தே தீரவேண்டும். பேரவையின் தலைவர் பங்குத்தந்தை. அதன் உறுப்பினர்க்கு இருப்பது ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே. இறுதி முடிவு அவருடையது. “அப்படியானால் பேரவை எதற்கு?” என்று எங்களுள் ஒருத்தி சற்றுக் கோபத்தோடு கேட்டாள். நாங்கள் சந்தித்த பங்குத்தந்தை பொறுமையாகப் பதில் சொன்னார்: “ஆலோசனை கேட்காமலே முடிவெடுக்க எனக்கு அரை மணி போதும். ஆனால் அந்த முடிவை நிறைவேற்ற ஆள் கிடைக்காது.” உண்மையான பேச்சு என்றே எங்களுக்குப் பட்டது. எனினும் எல்லாரும் அவரைப் போல் கேட்பார்களா என்ற ஐயமும் எங்களை விட்டபாடில்லை.

இன்னொரு சட்டம் எண் 1287. மக்கள் திருச்சபைக்கு அளிக்கும் காணிக்கைகளுக்கு, அவற்றை நிர்வகிப்போர் மக்களுக்கே கணக்குக் காட்ட வேண்டும் என்று அது கூறுகிறது. உண்டியலில் காசு போடும் கைகளுக்கு இந்த எண் தெரிந்திருப்பது நல்லது.

பெண்கள் எங்கே?

இந்தப் பகுதியை எழுதுவதில் எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. கோவிலைப் பெருக்குவது, பூ வைப்பது, பாடகர் குழு, மறைக்கல்வி, நோயாளர் சந்திப்பு ஆகிய எல்லாவற்றிலும் பெண்களே மிகுதி. கூட்டம் என்றால் மட்டும் முன் வரிசையில் வேட்டிகள்!

சங்கம் நடந்தபோது 1964இல் ஆறாம் பவுல் முதன்முறையாகப் பெண்களைப் பார்வையாளராக அழைத்தார். சங்கம் முடியுமுன் அவர்கள் தொகை 23 ஆயிற்று. கேட்கலாம், பொது அமர்வில் பேச இயலாது. பீடப் பணியில் சிறுமியரும் உதவலாம் என்று 1994இல் உரோமை இசைவளித்து, முடிவை அந்தந்த ஆயரிடம் விட்டது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தைத் திருத்தி, வாசகர், பீடத்துணைவர் என்னும் பணிநிலைகளைப் பெண்களுக்கும் நிரந்தரமாகத் திறந்தார். அதே ஆண்டு மே மாதம் வேதியர் பணியைத் திருச்சபையின் பணிநிலையாக நிறுவினார். 2023 அக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். 2025 ஜனவரியில் வத்திக்கானின் துறவியர் பேராயத்திற்கு அருட்சகோதரி சிமோனா பிரம்பில்லா தலைவராக நியமிக்கப்பட்டார். அந்தப் பதவியில் ஒரு பெண் அமர்ந்தது அதுவே முதல் தடவை. திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21இல் இறைவனடி சேர்ந்தார். மே 8இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பதினான்காம் லியோ.

வாசகம் படிக்கக் கிடைத்தால் போதும் என்று எங்களுள் சிலர் கூறினர். வாசிப்பதோடு நின்றால் அது பள்ளியில் பரிசளிப்பு விழாவுக்கு வரவேற்பு நடனம் ஆடுவது போலத்தான், கூட்டத்தில் அமர்ந்து கருத்துச் சொல்வதே தலைமை என்றனர் மற்றவர். நாங்கள் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சியிலிருந்த தோழி ஒருத்தி, “முதலில் வாசிக்க ஒழுங்காகக் கற்றுக்கொள்வோம்” என்று சொன்னதையும் நாங்கள் மறக்கவில்லை. ஞாயிறன்று எழுத்துக்கூட்டிப் படிக்கப்படும் இறைவார்த்தையைக் கேட்டவர்களுக்கு அவள் வேதனை புரியும்.

அன்பியம்

எங்கள் ஆராய்ச்சியில் எங்களை மிகவும் தொட்டது அன்பியந்தான். அருகருகே வாழும் இருபது, முப்பது குடும்பங்களைச் சேர்த்து ஒரு புனிதரின் பெயர் சூட்டினால் அது ஓர் அன்பியம். குறித்த நாளில் மாலை ஏழு மணிக்கு, முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடுவார்கள். பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, நடுவில் விவிலியம் வைப்பார்கள். நாங்கள் போன அன்பியத்தில், காப்பி மட்டுமே தரவேண்டும், பலகாரம் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் வடை போட்டால் அடுத்த வீட்டில் கேசரி செய்யத் தோன்றும். வசதியற்றவர்கள் தம் முறை வரும்போது ஊருக்குப் போய்விடுவார்கள். சட்டத் தொகுப்பில் இல்லாத இந்தச் சட்டத்தை இயற்றியவர் அன்பியத் தலைவி. பகலெல்லாம் பீடி சுற்றும் ஓர் அக்கா.

அங்கே இறைவார்த்தையைப் பகிரும் வழிக்கு ஏழுபடி முறை என்று பெயர். தென்னாப்பிரிக்காவின் லூம்கோ நிலையத்திலிருந்து பல நாடுகளுக்கும் பரவியது. முதலில் ஆண்டவரை அழைத்தல், இரண்டாவது, பகுதியை வாசித்தல், மூன்றாவது, மனத்தில் பட்ட சொல்லையோ சொற்றொடரையோ அவரவர் உரக்கச் சொல்லுதல், நான்காவது, மௌனம், ஐந்தாவது, உள்ளத்தில் தோன்றியதைப் பகிர்தல், ஆறாவது, நாம் செய்ய வேண்டிய பணி யாது எனக் கலந்து பேசுதல், ஏழாவது, மன்றாட்டு. இதில் பிரசங்கம் கிடையாது. படித்தவர் படிக்காதவருக்குப் போதிப்பதும் கிடையாது.

அன்று வாசிக்கப்பட்டது லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில், பத்து நாணயங்களுள் ஒன்றைத் தொலைத்த பெண்ணின் உவமை. மூன்றாம் படியில் நாங்கள் “மகிழ்ச்சி” என்றும் “நாணயம்” என்றும் கூறினோம். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஆச்சி “விளக்கு” என்றார். பகிர்வு நேரத்தில் அவர் சொன்னது: “காசைத் தேட விளக்கு எதுக்கு? பகல்லயும் விளக்கு வேணும்னா, அந்த வீட்டுக்குச் சன்னல் கிடையாதுன்னு அர்த்தம். நான் வாக்கப்பட்டு வந்த வீடும் அப்படித்தான். ஏழைக்கு ஒரு காசு விழுந்தா வீட்டையே பெருக்கணும். பணக்காரிக்கு அது விழுந்ததே தெரியாது.” மறுநாள் இதனைச் சிஸ்டரிடம் கூறினோம். அக்காலப் பாலஸ்தீன நாட்டு ஏழைகளின் வீடுகள் இருண்டவைதாம் என்று விவிலிய விரிவுரைகளிலும் இருக்கிறது என்றார்கள். விரிவுரை படிக்காமலே ஆச்சி அதனைக் கண்டுகொண்டார்.

ஆறாம் படி வந்தது. நம் தெருவில் தொலைந்த காசு எது என்று தலைவி கேட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் மெல்ல ஒரு குடும்பத்தைக் குறிப்பிட்டார். ஓராண்டாக அவர்கள் கோவிலுக்கு வருவதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். திருவிழா வரி மூன்று ஆண்டு பாக்கி. பாக்கிதாரர் பட்டியல் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டபோது அவர்கள் பெயர் முதலில் இருந்தது. மூத்த மகளின் திருமண ஓலைக்குக் கேட்டபோது பாக்கியைக் கட்டிவிட்டு வரச் சொன்னார்களாம். அந்தப் பலகையை நாங்களும் பார்த்திருக்கிறோம். நின்று வாசித்துமிருக்கிறோம்.

தலைவி இதனைப் பேரவையில் எழுப்புவதாகச் சொன்னார். பாடத்திற்காக என்று கேட்டதன் பேரில் எங்களையும் பின் வரிசையில் அமர அனுமதித்தார்கள். பேசக் கூடாது என்பது நிபந்தனை. 1964இல் சங்கத்தில் அமர்ந்த பெண்களை நினைத்துக்கொண்டோம்.

விவாதம் சூடாகத்தான் இருந்தது. வரி கொடாதவர்களை விட்டுவிட்டால் ஒழுங்காகக் கொடுப்பவன் ஏமாளியா என்று ஒருவர் கேட்டார். அது நியாயமற்ற கேள்வி அன்று. கொடி மரத்திற்கும் மேளத்திற்கும் சப்பரத்திற்கும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. தலைவி எழுந்து, “வரி வேணாம்னு நான் சொல்லல. பலகை வேணாம்னு சொல்றேன்” என்று மட்டும் கூறி அமர்ந்தார். அவர் குரல் நடுங்கியது. பங்குத்தந்தை சட்டத் தொகுப்பை எடுத்து எண் 848ஐ விளக்கினார். வறுமையின் காரணமாக எவரும் அருட்சாதனங்களின் உதவியை இழக்கலாகாது என்பது அதன் கருத்து. சிறிது நேரம் கூட்டம் அமைதியாக இருந்தது. வரி தொடர்வது, பாக்கிதாரர் பெயரைப் பலகையில் இடுவதை நிறுத்துவது, ஓலைக்கும் அடக்கத்திற்கும் பாக்கியைக் காரணம் காட்டாதிருப்பது, திருவிழாக் கணக்கைப் பூசை முடிவில் வாசிப்பது என்று முடிவாயிற்று. முதலில் கேள்வி கேட்டவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எனினும் கணக்கு வாசிக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

அக்குடும்பத்துத் தகப்பனார் அதற்கடுத்த மூன்றாம் ஞாயிறன்று கோவிலுக்கு வந்து, கடைசித் தூண் அருகில் நின்றுவிட்டுத் திருவிருந்துக்கு முன்பே போய்விட்டார். அம்மா இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தை உங்கள் வீட்டில் வைக்கலாமா என்று தலைவி நேரில் போய்க் கேட்டிருக்கிறார். “எங்க வீட்ல அத்தனை பேர் உக்காரப் பாய் ஏது?” என்றாராம் அந்த அம்மா. வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் ஆளுக்கொரு பாய் எடுத்துக்கொண்டு வருவதாகத் தலைவியிடம் சொல்லியிருக்கிறோம். கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு.